மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா? சட்டத்தை நாமே தேடிப் படிக்கும் முறை

"2005-க்கு முன்னாடியே அப்பா இறந்துட்டா பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு கிடையாது." பத்திரப் பதிவு அலுவலக வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதை இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்கள். மகனைப் போலவே மகளுக்கும் பங்கு என்று மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட ஆண்டு 2005. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு அப்படித்தான் தீர்ப்பளித்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அதைவிடப் பெரிய அமர்வு சொல்லிவிட்டது. முதல் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. இரண்டாவது பாதித் தூரம்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட இடத்தில் எத்தனையோ பெண்கள், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

எது சட்டம், அது இன்றும் நிற்கிறதா என்று பார்க்க வழக்கறிஞர் பட்டம் வேண்டியதில்லை. தேவையான ஆவணங்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, மீதி நூலகத்தில். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. இந்த மகள் பங்குக் கேள்வியையே கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்ப்போம்.

தாய்ப் பத்திரமும் வில்லங்கமும்

நிலம் வாங்கும்போது என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுக்காரர் "சொத்து சுத்தமா இருக்கு" என்று சொன்னால் மட்டும் முன்பணம் கொடுத்துவிட மாட்டோம். தாய்ப் பத்திரத்தை வாங்கிப் படிப்போம். அதற்குப் பின் நடந்த கிரயம், பாகப் பிரிவினை, பிழை திருத்தப் பத்திரம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குவோம். கடைசியில் வில்லங்கச் சான்று போட்டு, இன்றைய தேதிவரை ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம்.

சட்டத் தேடலும் இதே மூன்று வேலைதான். சட்டத்தின் மூல வாசகம் தாய்ப் பத்திரம். அதில் வந்த திருத்தங்களும் அதற்கு நீதிமன்றங்கள் சொன்ன பொருளும் பின்னால் வந்த பத்திரங்கள். அந்தத் தீர்ப்புகளைப் பிற்பாடு யாராவது மாற்றினார்களா என்று பார்ப்பது வில்லங்கம். பெரும்பாலானவர்கள் நடுவில் கிடைத்த ஒரு பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 2015 தீர்ப்பைப் படித்து நிறுத்தியவர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

சட்டம், விதி, அரசாணை, தீர்ப்பு

பேச்சுவழக்கில் எல்லாவற்றையுமே "சட்டம்" என்கிறோம். தேடும்போது இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிறைவேற்றுவது சட்டம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தின் கீழ் அரசு எழுதும் நடைமுறைகள் விதிகள். எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு துறை தன் நிர்வாகத்துக்காகப் பிறப்பிப்பது அரசாணை. அதனால் சட்டத்தை மீற முடியாது. ஒரு வழக்கில் நீதிமன்றம் காரணத்தோடு சொல்லும் முடிவு தீர்ப்பு.

எல்லாத் தீர்ப்புக்கும் ஒரே எடை கிடையாது. அரசியல் சாசனத்தின் 141-வது பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றம் சொல்வது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள கீழமை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பை இங்கே எடுத்துக் காட்டலாம், ஆனால் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நீதிமன்றத்துக்குள்ளும் அமர்வின் அளவு முக்கியம். அமர்வு என்றால் ஒரு வழக்கைச் சேர்ந்து விசாரிக்கும் நீதிபதிகள். மூவர் அமர்வு சொன்னதை இருவர் அமர்வு மாற்ற முடியாது.

சுருக்கமாக: முதலில் சட்டம், பிறகு அதன் விதி, பிறகு தீர்ப்பு. தீர்ப்பென்றால் எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள், எந்தத் தேதி என்ற மூன்றையும் குறித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

முதல் வேலை: மூல வாசகத்தைக் கண்டுபிடிப்பது

மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் இலவசமாக இருக்கின்றன. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் போதும். நம் கேள்விக்கு வேண்டியது இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. அதில் 6-வது பிரிவு.

பிரிவைத் திறந்ததும் அடிக்குறிப்பைப் பாருங்கள். 2005-ம் ஆண்டின் 39-வது சட்டத்தால், 9-9-2005 முதல் பழைய 6-வது பிரிவுக்குப் பதிலாக இது வைக்கப்பட்டது என்று இருக்கும். அந்த ஒரு வரி இரண்டு செய்தி சொல்கிறது. 2005-க்கு முன் வேறொரு 6-வது பிரிவு இருந்தது. இப்போது நாம் படிப்பது அது இல்லை.

இப்போது வாசகம். மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட முறைப்படியான கூட்டுக் குடும்பத்தில், மகனைப் போலவே மகளும் "பிறப்பினாலேயே" பங்குரிமையர் ஆகிறார் என்கிறது முதல் உட்பிரிவு. பங்குரிமையர் என்பவர் குடும்பச் சொத்தில் பிறந்த கணத்திலேயே உரிமை பெறுபவர், ஆங்கிலத்தில் கோபார்சனர். இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும், நிறுத்தக் கூடாது. அடுத்து வருவது வரம்புரை. ஒரு பிரிவு கொடுத்ததை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்று சொல்லும் பகுதிக்குத்தான் வரம்புரை என்று பெயர். 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்துவிட்ட விற்பனை, பாகப் பிரிவினை, உயில் வழி மாற்றம் எதையும் இந்தப் பிரிவு குலைக்காது என்கிறது அது. ஏன் அந்தத் தேதி? திருத்த மசோதா மாநிலங்களவையில் அறிமுகமான நாள் அது. மசோதா வருகிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாகச் சொத்தைப் பிரித்து எழுதுபவர்களைத் தடுக்கவே அந்தக் கோடு.

இன்னும் கீழே 5-வது உட்பிரிவின் விளக்கத்தில், பாகப் பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்தது என்று வரையறை இருக்கிறது. "அப்பவே வாய்மொழியாப் பிரிச்சிட்டோம்" என்ற வாதம் இந்த விளக்கத்தில்தான் வந்து முட்டும்.

எந்தப் பிரிவைப் படித்தாலும் வரம்புரை, விளக்கம், சட்டத்தின் தொடக்கத்தில் உள்ள வரையறைப் பிரிவு மூன்றையும் சேர்த்தே படியுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

மாநிலத் திருத்தம் என்ற ஒளிந்த கதவு

சில விஷயங்களில் மத்தியச் சட்டத்தை மாநிலமும் தன் எல்லைக்குள் திருத்தலாம். மகள் பங்கில் தமிழ்நாடு நாடாளுமன்றத்தை முந்திக்கொண்டது. 1990-ம் ஆண்டின் 1-வது தமிழ்நாடு சட்டம், 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதி, 29-ஏ பிரிவைச் சேர்த்து மகளைப் பங்குரிமையர் ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. 'கல்யாணமான பொண்ணுக்குப் பங்கு இல்லை' என்ற பேச்சின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. 2005-ம் ஆண்டு மத்தியத் திருத்தத்தில் திருமணத்தை வைத்து அப்படி ஒரு பாகுபாடு கிடையாது.

மத்தியச் சட்டத்தின் பக்கத்திலேயே மாநிலத் திருத்தமும் எப்போதும் தெரியும் என்று நம்பி இருக்க வேண்டாம். மாநிலச் சட்டங்கள் பகுதியில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தனியாகத் தேடுங்கள். வேறு மாநிலத் தீர்ப்பைப் படிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கேரளம் 1975-ம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்துவிட்டது. அங்கத்திய விடையை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

நிறைவேறிய சட்டம் எல்லாம் அன்றே நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை என்ற 106(2) பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. புத்தகத்தில் அச்சாகியிருக்கும், ஆனால் அமலில் இருக்காது. எந்தத் தேதியில் எந்தப் பிரிவு அமலுக்கு வந்தது என்ற அறிவிக்கை அரசிதழில் வரும். மத்திய அரசிதழும் இணையத்தில் இலவசம்.

தீர்ப்பைத் தேடுவது

இலவசமாக மூன்று இடங்கள் போதும். உச்ச நீதிமன்றத்தின் டிஜி எஸ்.சி.ஆர். தளத்தில் அதன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு 1950 முதல் இருக்கிறது. ஈ-கோர்ட்ஸின் தீர்ப்புத் தேடல் தளத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சொல் வைத்துத் தேடலாம். 2008 முதல் இயங்கும் இந்தியன் கானூன் தனியார் முயற்சி. தேடுவதற்கு இதுதான் மிகச் சுலபம். இந்தியன் கானூனில் தேடிக் கண்டுபிடித்து, அதிகாரபூர்வத் தளத்தில் திறந்து சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

தேடல் ஆங்கிலத்தில்தான் பலன் தரும். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்று அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சில தமிழ் மொழிபெயர்ப்பாகவும் கிடைக்கின்றன. புரிந்துகொள்ள அவை பேருதவி. வாதத்துக்கு ஆங்கில மூலம்தான் செல்லும். கோடிக்கணக்கானவர்களின் உரிமை அவர்கள் படிக்க முடியாத மொழியில் கிடப்பது பெரிய குறைதான். அது தீரும்வரை ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாவது மூலத்தைப் பாருங்கள்.

கதையைத் தட்டச்சு செய்யாதீர்கள். "அப்பா இறந்த பிறகு அண்ணன் வீட்டை எழுதிக்கொண்டால்" என்பதற்கு விடை வராது. சட்டச் சொல்லையும் பிரிவு எண்ணையும் கொடுங்கள்: கோபார்சனர், டாட்டர், செக்‌ஷன் 6, பார்ட்டிஷன். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இந்தியன் கானூனில் இரண்டு சொல்லும் கட்டாயம் இருக்க வேண்டுமென்றால், நடுவில் ஆங்கில 'ஆண்ட்' என்பதைப் பெரிய எழுத்தில், கடைசி 'டி'யை இரட்டித்து எழுத வேண்டும். முதல் தேடலில் ஆயிரக்கணக்கில் வந்தால், நீதிமன்றத்தையும் ஆண்டையும் கொடுத்துக் குறுக்குங்கள்.

தீர்ப்புகளுக்குப் பக்கத்தில் (2020) 9 எஸ்.சி.சி. 1 என்பது போல ஒன்று இருக்கும். இதற்கு சைட்டேஷன் என்று பெயர், தீர்ப்பின் முகவரி. 2020-ம் ஆண்டு, 9-வது தொகுதி, எஸ்.சி.சி. என்ற தீர்ப்பிதழ், 1-வது பக்கம். ஒரே தீர்ப்பைப் பல இதழ்கள் வெளியிடுவதால் ஒரே தீர்ப்புக்குப் பல முகவரி இருக்கும்; ஏ.ஐ.ஆர்., சென்னையின் எம்.எல்.ஜே. எல்லாம் அப்படிப்பட்ட இதழ்கள். இந்தக் குழப்பம் தீர, 2023 முதல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளுக்கு ஐ.என்.எஸ்.சி. என்ற பொது எண் தருகிறது.

தீர்ப்புக்குள் எதைப் படிப்பது

தீர்ப்பு நூறு பக்கம் போகும். அதில் வழக்கின் சம்பவம், இரு தரப்பு வாதம், பழைய தீர்ப்புகளின் மேற்கோள், நீதிமன்றத்தின் அலசல், முடிவு எல்லாம் கலந்து கிடக்கும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வாதப் பகுதியில் உள்ள வரியை எடுத்து "கோர்ட்டே சொல்லிவிட்டது" என்பது. அது தோற்ற தரப்பின் வாதமாகக்கூட இருக்கலாம். அந்த வரிக்கு மேலே "மனுதாரர் தரப்பில் வாதிடப்பட்டது" என்ற தொடக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, முடிவுக்கு அவசியமான சட்டக் காரணத்தையும் போகிற போக்கில் சொன்ன கருத்தையும் பிரிக்க வேண்டும். முன்னதற்கு ரேஷியோ என்றும் பின்னதற்கு ஓபிட்டர் என்றும் பெயர். முன்தீர்ப்பாகக் கட்டுப்படுத்துவது ரேஷியோதான். கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் முடிவு மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறும் என்றால் ரேஷியோ.

தீர்ப்பிதழ்களில் தொடக்கத்தில் உள்ள தலைக்குறிப்பு பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியது அல்ல. தேர்ந்தெடுக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பத்தி எண்களும் இதழுக்கு இதழ் மாறலாம், அதனால் பத்தி எண்ணைக் குறிக்கும்போது எந்தத் தொகுப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வில்லங்கம் பார்ப்பது

இதுதான் பலரும் தவறவிடும் படி. நம் கேள்வியில் நடந்தது இது.

2015-ல் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள், 9-9-2005 அன்று தந்தையும் மகளும் உயிரோடு இருந்திருந்தால்தான் புதிய உரிமை என்றார்கள். 2018 பிப்ரவரியில் தனம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001-ல் தந்தை இறந்த குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். இரண்டும் இருவர் அமர்வு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. கீழமை நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றுவது? விஷயம் மூவர் அமர்வுக்குப் போனது. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று விடை வந்தது: உரிமை பிறப்பினால் வருகிறது, எனவே 9-9-2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. புலாவதி தீர்ப்பு செல்லாது என்று ஒதுக்கப்பட்டது. தனம்மா தீர்ப்பின் ஒரு பகுதியும்தான். வாய்மொழிப் பாகப் பிரிவினையைப் பொதுவாக ஏற்க முடியாது என்றும், பொது ஆவணங்கள் தாங்கி நிற்கும் விதிவிலக்கான சூழலில் மட்டும் பார்க்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்தியன் கானூனில் ஒரு தீர்ப்பைத் திறந்தால், அதை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் புதியது முதலாக வரிசைப்படுத்துங்கள். புலாவதியைத் திறந்து இதைச் செய்பவர் வினீதா சர்மாவில் போய் நிற்பார். பத்து நிமிட வேலை.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது மூன்று சொல் தெரிந்திருக்க வேண்டும். 'ஓவர்ரூல்டு' என்றால் அந்தச் சட்டக் கருத்தே தவறு என்று பெரிய அமர்வு சொல்லிவிட்டது, இனி பயன்படாது. 'ரிவர்ஸ்டு' என்றால் அதே வழக்கு மேல்முறையீட்டில் மாறியது. 'டிஸ்டிங்விஷ்டு' என்றால் அந்தத் தீர்ப்பு சரிதான், இந்த வழக்கின் சம்பவம் வேறு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

தீர்ப்பை நீதிமன்றம்தான் மாற்ற வேண்டும் என்பதுமில்லை. காசோலை திரும்பிய வழக்கை எந்த ஊரில் தொடுப்பது என்று 2014-ல் தஷ்ரத் ரத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விதி சொன்னது. 2015-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி அதை மாற்றிவிட்டது. ஆகவே தீர்ப்பின் தேதியையும் அந்தப் பிரிவின் கடைசித் திருத்தத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதிவு செய்யாத பத்திரம் வில்லங்கச் சான்றில் ஏறாதது போல, இந்தியன் கானூனில் ஏறாத தீர்ப்பு அதன் பட்டியலிலும் வராது. பிரிவு எண்ணை வைத்து இன்னொரு தளத்தில் ஒரு முறை தேடிவிடுவது பாதுகாப்பு.

இதுவரை பார்த்தது: பிரிவை வரம்புரையோடு படித்தோம், மாநிலத் திருத்தம் பார்த்தோம், தீர்ப்பைத் தேடினோம், அது இன்றும் நிற்கிறதா என்று சோதித்தோம்.

நூலகம் எதற்கு?

இந்தியா கோட் காட்டுவது இன்றைய வாசகம். 1992-ல் இறந்த ஒருவரின் சொத்தைப் பற்றிக் கேள்வி என்றால், அன்றைக்கு 6-வது பிரிவு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் அச்சான சட்டப் புத்தகமே அதற்குச் சுலபமான வழி. இரண்டாவது, விளக்கவுரை நூல்கள். ஒரு பிரிவின் கீழ் வந்த முக்கியத் தீர்ப்புகளை எல்லாம் பொருள்வாரியாக அடுக்கி விளக்கும் இந்நூல்கள் விலை அதிகம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்காது. புதியவருக்கு அரை நாள் தேடலை ஒரு விளக்கவுரை அரை மணியில் முடித்துக் கொடுக்கும்.

சென்னை எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பொதுமக்களுக்குத் திறந்தவை. பழைய அரசிதழும் அரசாணையும் வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நீதிமன்ற வளாகங்களில் உள்ள வழக்கறிஞர் சங்க நூலகங்கள் உறுப்பினர்களுக்கானவை. தெரிந்த வழக்கறிஞர் மூலமாகத்தான் போக முடியும்.

நூலகத்துக்குப் போகும் முன் பிரிவு எண்ணையும் சைட்டேஷன்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "சொத்து பற்றிப் புத்தகம்" என்று கேட்டால் நூலகரால் உதவ முடியாது. "இந்து வாரிசுரிமைச் சட்டம், விளக்கவுரை, 2020-க்குப் பிந்தைய பதிப்பு" என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார். பதிப்பு ஆண்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2017-ல் அச்சான நூலில் புலாவதி தீர்ப்புதான் கடைசி வார்த்தையாக இருக்கும்.

எங்கே தடுக்கும்?

பூர்வீகச் சொத்தையும் தந்தை சுயமாகச் சம்பாதித்ததையும் ஒன்றாக்கித் தேடுவது முதல் சிக்கல். சுயசம்பாத்தியத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால் 8-வது பிரிவுப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். 6-வது பிரிவைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் வேண்டியது 8-வது பிரிவாக இருக்கலாம்.

உரிமை ஒரு சட்டத்தில் இருக்கும், அதைக் கேட்பதற்கான கெடு இன்னொரு சட்டத்தில் இருக்கும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர் தன் பங்கைக் கேட்க, 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 110-வது இனம், விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்கிறது. வாரிசுரிமைச் சட்டத்தை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது.

குற்றவியல் பக்கம் தேடுபவர்களுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவு எண்கள் கண்ணி. மோசடிக்கான 420 இப்போது 318(4). கொலைக்கான 302 இப்போது 103(1). புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டு எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் இல்லாத தீர்ப்பையும் சைட்டேஷனோடு தந்துவிடும். 2023-ல் நியூயார்க்கில் அப்படி வந்த பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. செயலி தரும் ஒவ்வொரு தீர்ப்பையும் தளத்தில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

தேடி முடித்த பிறகு

கிடைத்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: சம்பவம் தேதி வாரியாக, பொருந்தும் பிரிவின் சரியான வாசகம், தீர்ப்பின் பெயர், அமர்வின் அளவு, தேதி, இன்னும் விடை கிடைக்காத கேள்வி. அதோடு பத்திரங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனால், முதல் அரை மணி நேரம் கதை சொல்வதில் கரையாது. உங்கள் ஆவணங்களை இந்தச் சட்டத்தோடு பொருத்திப் பார்ப்பதும், எந்த நீதிமன்றத்தில் எப்படிக் கேட்பது என்பதும் அவர் வேலை.

கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. போகும்போது அந்த ஒரு பக்கக் குறிப்பின் மேல் ஓரத்தில், கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்றும் எழுதிவிடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வந்ததை மட்டும் அவர் பார்த்தால் போதும்.